ஓஹிப் அட்டை இருக்கும்போது ஏன் பணம் கேட்கிறார்கள்? ஒன்ராறியோவின் பொது மருத்துவக் காப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ், பிரம்ப்டன் பகுதிகளில் முதியோர் சங்கங்களிலும் கோவில் மண்டபங்களிலும் நூலக அறைகளிலும் நடக்கும் சுகாதாரத் தகவல் கூட்டங்களில் எழக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஓஹிப் (OHIP) எனப்படும் ஒன்ராறியோவின் பொது மருத்துவக் காப்பீட்டைக் காப்பது என்றதும் மாகாணச் சட்டமன்றம் அமைந்த குவீன்ஸ் பார்க் முன்றலில் பதாகை பிடிப்பதே பலருக்கு நினைவில் வரும். அதுவும் வேண்டியதே. ஆயினும் இந்தக் காப்பீடு நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரையும் இடம் மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசை. கேட்ட தொகையைக் கேள்வியின்றிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் பெருகப் பெருக, சட்டம் ஏட்டில் மட்டும் இருக்கும் நிலை வந்துவிடும். ஆகவே எதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்ற அறிவையே இங்கே முதன்மைப்படுத்தியிருக்கிறோம்.

ஓஹிப் இலவசம்தானே? இலவசமாகக் கிடைப்பதைப் பற்றி உரிமையோடு கேட்கலாமா?

இலவசம் என்பது சரியான விவரிப்பு அன்று. வைத்தியரைப் பார்க்கும் வேளையில் பணம் கொடுப்பதில்லை. முன்கூட்டியே வரியாகக் கொடுத்துவிடுகிறோம். வருமான வரி, விற்பனை வரி ஆகியவற்றுக்கு மேலாக, 2004 முதல் ஒன்ராறியோவில் சுகாதாரப் பங்களிப்பு என்ற தனித் தொகையும் வருமான வரியோடு சேர்த்து அறவிடப்படுகிறது. வரிக்குரிய வருமானம் 20,000 டொலரைத் தாண்டியவர்கள், வருமானத்துக்கேற்ப ஆண்டுக்கு 900 டொலர் வரை இதைச் செலுத்துகிறார்கள். வரிப் படிவத்தைக் கணக்காளரிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போடும் வழக்கம் உள்ளவர்களுக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரிவதில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து வரி கட்டியவர் வைத்தியசாலைப் படுக்கையில் கிடக்கும்போது யாருடைய தயவிலும் கிடக்கவில்லை.

கனடாச் சுகாதாரச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

1984 இல், மொனிக் பெஜான் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில், நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டம் இது. வைத்தியசாலைகளை நடத்துவது மாகாணங்களின் பொறுப்பு. அவற்றுக்கு மத்திய அரசு தரும் நிதிக்கு இச்சட்டம் ஐந்து நிபந்தனைகளை விதிக்கிறது. காப்பீட்டை இலாப நோக்கற்ற பொது அமைப்பே நிர்வகிக்க வேண்டும். மருத்துவ ரீதியாகத் தேவையான வைத்தியசாலைச் சேவைகளும் வைத்தியர் சேவைகளும் முழுமையாக அடங்க வேண்டும். தகுதியுள்ள எல்லா வதிவாளருக்கும் ஒரே விதிமுறை இருக்க வேண்டும். மாகாணம் விட்டு மாகாணம் போனாலும் காப்பீடு தொடர வேண்டும். பணம் எவருக்கும் தடையாக அமையக் கூடாது.

இவற்றோடு இன்னொரு கடிவாளமும் உண்டு. காப்பீட்டுக்கு உட்பட்ட சேவைக்கு நோயாளியிடம் மேலதிகமாகப் பணம் வாங்க ஒரு மாகாணம் இடங்கொடுத்தால், வாங்கப்பட்ட ஒவ்வொரு டொலருக்கும் ஒரு டொலர் மத்திய நிதியிலிருந்து கழிக்கப்படும். இந்தக் கழிவு நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள், 1987 அளவில், எல்லா மாகாணங்களும் மேலதிகக் கட்டணத்தை நிறுத்திக்கொண்டன. பழைய கதை என்று எண்ண வேண்டாம். தனியார் நிலையங்கள் ஸ்கான் பரிசோதனைகளுக்கு நோயாளிகளிடம் பணம் வாங்கியதற்காக 2023 மார்ச்சில் பல மாகாணங்களிலிருந்து மொத்தமாக 8 கோடி 25 இலட்சம் டொலர் அளவில் கழிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி கியூபெக்குக்கு உரியது.

புதிதாக வந்தவருக்கு எப்போது அட்டை கிடைக்கும்? பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்குக் கிடைக்குமா?

முன்பு ஒன்ராறியோவில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. இதை அறியாமல் முதல் மூன்று மாதத்துக்குத் தனியார் காப்பீடு வாங்கியவர்களும், காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்களும் உண்டு. நிரந்தர வதிவாளரும், பாதுகாக்கப்பட்டவராக ஏற்கப்பட்ட அகதியும், ஒன்ராறியோ நிறுவனமொன்றில் குறைந்தது ஆறு மாதம் முழுநேரமாக வேலை செய்யும் வேலை அனுமதியாளரும் விண்ணப்பிக்கலாம். மாகாணத்தில் குடியேறிய முதல் 183 நாட்களில் 153 நாட்களும், அதன் பின் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாட்களும் இங்கே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கும் ஓய்வூதியர்கள் இந்தக் கணக்கைக் கவனத்தில் வைத்திருப்பது நல்லது.

பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்க அனுமதிக்கும் சூப்பர் விசாவில் வரும் பெற்றோருக்கு ஓஹிப் இல்லை. அவர்கள் குறைந்தது 100,000 டொலர் பாதுகாப்புள்ள தனியார் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை. அந்தக் காப்பீட்டில் பழைய நோய்கள் அடங்குமா என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்; நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள தகப்பனுக்கு அந்த ஒரு வரியே முக்கியம். அகதிக் கோரிக்கை முன்வைத்து முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் பொருந்தும்.

பல், கண், மருந்து எல்லாம் அடங்குமா?

பொதுக் காப்பீட்டின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. வைத்தியசாலையில் படுத்திருக்கும்போது தரப்படும் மருந்துக்குப் பணம் இல்லை. வீடு திரும்பியதும் அதே மருந்துக்கு மருந்தகத்தில் பணம். 65 வயதைக் கடந்தோருக்கு ஒன்ராறியோ மருந்துத் திட்டம் தானாகவே தொடங்கும். 25 வயதுக்கு உட்பட்டு, தனியார் காப்பீடு இல்லாதவர்களுக்கு ஓஹிப் பிளஸ் என்ற மருந்துத் திட்டம் உண்டு. இடைப்பட்ட வயதில், தொழிலிடக் காப்பீடு இல்லாமல், வருமானத்தோடு ஒப்பிடும்போது மருந்துச் செலவு மிகுந்த குடும்பங்கள் மாகாணத்தின் ட்ரில்லியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது தானாக வராது. கருத்தடை, நீரிழிவு மருந்துகளுக்கான தேசிய மருந்துக் காப்பீட்டுச் சட்டம் 2024 ஒக்டோபரில் நிறைவேறியது. ஆனால் மாகாணம் மத்திய அரசோடு உடன்படிக்கை செய்தால்தான் அது அந்த மாகாணத்து மக்களைச் சென்றடையும். மனிற்றோபாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் முன்வந்தபோது ஒன்ராறியோ அந்த வரிசையில் சேரவில்லை. நீரிழிவு நம் வீடுகளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நினைத்தால், சட்டமன்ற உறுப்பினரிடம் நம் சமூகம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் கருத்து.

பல் சிகிச்சைக்கு மத்திய அரசின் கனடாப் பற்காப்புத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாகவும், தனியார் பற்காப்பு இல்லாமலும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 2025 இல் எல்லா வயதினருக்கும் அது விரிக்கப்பட்டது. முந்திய ஆண்டின் வரிக் கணக்கைக் கணவன், மனைவி இருவரும் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதே பலரைத் தடுக்கும் நிபந்தனை. வருமானம் இல்லாத அம்மாவுக்கு வரிக் கணக்கு எதற்கு என்று விட்டுவிடுகிற வீடுகளில் அந்த அம்மாவின் பல் சிகிச்சையே முடங்கிவிடுகிறது.

கண் பரிசோதனை சிறுவர்களுக்கும் 65 வயதைக் கடந்தோருக்கும் நீரிழிவு போன்ற குறிப்பிட்ட நோயுள்ளோருக்கும் அடங்கும். அம்புலன்ஸில் சென்றால், தேவையான பயணம் என்று கருதப்படும்போது அட்டை உள்ளவரிடம் 45 டொலர் அறவிடப்படும்.

வரவேற்பு மேசையில் பணம் கேட்டால், அது சட்டபூர்வமானதா என்று எப்படி அறிவது?

ஒரே ஒரு கேள்வி போதும்: “இது ஓஹிப்பில் அடங்காத எந்தச் சேவைக்கான கட்டணம்? எழுதித் தர முடியுமா?” சட்டபூர்வமான கட்டணமாக இருந்தால் இந்தக் கேள்விக்கு உடனே விடை வரும்.

வேலைக்கான நோய்ச் சான்றிதழ், காப்பீட்டு நிறுவனப் படிவம், கோப்பின் பிரதியை வேறு வைத்தியருக்கு அனுப்புவது, முன்னறிவிப்பின்றித் தவறவிட்ட சந்திப்பு ஆகியவற்றுக்குக் கட்டணம் வாங்கலாம். சில நிலையங்கள் இவற்றையெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகை கேட்கும். அது முற்றிலும் விருப்பத்துக்குரியது. அதைக் கட்டாதவரை நோயாளியாக ஏற்க மறுப்பதோ, பட்டியலிலிருந்து நீக்குவதோ, பின்னுக்குத் தள்ளுவதோ கூடாது. “வருட ஃபீஸ் கட்டினால்தான் டொக்டர் பார்ப்பார்” என்று சொல்லப்பட்டால் அது தவறு.

காப்பீட்டுக்கு உட்பட்ட சேவைக்கு மேலதிகமாக வாங்குவதும், வரிசையைத் தாண்டி முன்னால் விடுவதற்காக வாங்குவதும் 2004 ஆம் ஆண்டின் ஒன்ராறியோச் சட்டப்படி குற்றம். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே தடுக்கப்பட்டவை என்பதை வசதியுள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அதிகம் குழப்பம் தருவது கண்புரைச் சத்திரசிகிச்சை. சத்திரசிகிச்சையும் அதில் பொருத்தப்படும் வழக்கமான வில்லையும் ஓஹிப்பில் முழுமையாக அடங்கும். தூரப்பார்வை, கிட்டப்பார்வை இரண்டையும் சரிசெய்யும் சிறப்பு வில்லைக்கும் அதற்கான கூடுதல் அளவீடுகளுக்கும் பணம் வாங்கலாம். ஆனால் விற்பது கட்டாயத்தின் பேரில் ஆகக் கூடாது. எழுபத்தைந்து வயது அம்மம்மாவிடம், நல்ல வில்லை என்றால் இத்தனை ஆயிரம், சாதாரண வில்லை என்றால் காத்திருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் விரைவாகச் சொல்லப்படும்போது, பிள்ளைக்குத் தொலைபேசி எடுக்கக்கூட அவகாசம் இருப்பதில்லை. அம்மம்மாவும் காதில் இருப்பதைக் கழற்றியாவது நல்லதை வாங்கிவிடுவார். 2021 இல் ஒன்ராறியோவின் கணக்காய்வாளர் நாயகம் வெளியிட்ட அறிக்கையும் இந்தக் கூடுதல் விற்பனையில் நோயாளிகள் தவறாக வழிநடத்தப்படும் அபாயத்தைச் சுட்டிக்காட்டியது. வழக்கமான வில்லையையே தெரிந்தெடுத்தவரின் வரிசை இடம் பின்னுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். இத்தகைய சந்திப்புக்கு வீட்டில் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும்; அன்றே கையெழுத்திட வேண்டியதும் இல்லை.

தாதி வைத்தியர்கள், அதாவது நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் தகுதி பெற்ற தாதியர், நடத்தும் சில நிலையங்கள் கட்டணம் வாங்கிவந்தது இன்னொரு இடைவெளி. கனடாச் சுகாதாரச் சட்டம் வைத்தியரைப் பற்றிப் பேசுவதால், தாதி வைத்தியரின் சேவை அதற்கு வெளியே என்ற வாதம் இருந்தது. வைத்தியர் செய்தால் காப்பீட்டில் அடங்கும் சேவையைத் தாதி வைத்தியர் செய்தாலும் நோயாளியிடம் பணம் வாங்குவது மேலதிகக் கட்டணமாகவே கருதப்படும் என்று மத்திய சுகாதார அமைச்சர் 2025 ஜனவரியில் மாகாணங்களுக்கு எழுதி, 2026 ஏப்ரல் 1 ஐ நடைமுறைத் திகதியாகக் குறித்தார்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன். திரும்பப் பெற முடியுமா?

முடியும். பற்றுச்சீட்டையும், சந்திப்பின் திகதியையும், யார் என்ன சொன்னார் என்ற குறிப்பையும் வைத்துக்கொண்டு ஒன்ராறியோச் சுகாதார அமைச்சிடம் முறையிட வேண்டும். சட்டவிரோதக் கட்டணம் பற்றிய முறைப்பாடுகளை விசாரிப்பதற்கென்றே அங்கு ஒரு பிரிவு இருக்கிறது. முறையற்ற கட்டணம் என்று உறுதியானால் நோயாளிக்குத் தொகை திருப்பித் தரப்படும். வாங்கியவரிடமிருந்து அரசு அதை அறவிட்டுக்கொள்ளும். வைத்தியரின் நடத்தை பற்றியதாயின், வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒன்ராறியோ வைத்தியர், சத்திரசிகிச்சையாளர் கல்லூரியிடமும், வைத்தியசாலை அல்லது வீட்டுப் பராமரிப்புப் பற்றியதாயின் முதலில் அந்த நிறுவனத்திடமும், பின்பு நோயாளர் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம்.

“நம்முடைய டொக்டர், முறையிட்டால் கோபிப்பார்” என்ற தயக்கம் நம்மவரிடம் உண்டு. தமிழில் பேசும் குடும்ப வைத்தியரை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் நியாயமானதே. அப்படியானால் முறைப்பாட்டுக்கு முன்பாக, கட்டண விவரத்தை எழுத்தில் தரும்படி அமைதியாகக் கேட்பதே முதற்படி. பிசகு அலுவலகத்தில் நேர்ந்ததாக இருந்தால் அந்த அளவிலேயே சரியாகிவிடும்.

காத்திருப்பு இவ்வளவு நீளமாக இருக்கிறதே. வசதியுள்ளவர் காசு கொடுத்து வேறு வழியால் போனால் மற்றவர்களின் வரிசை குறையும்தானே?

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதம். காத்திருப்பு உண்மை, அதை மறைப்பதால் பொதுக் காப்பீட்டுக்கு நன்மை இல்லை. ஆனால் வரிசை நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டடமோ கருவியோ அன்று. தாதியர், மயக்க மருந்து வைத்தியர், சத்திரசிகிச்சையாளர் ஆகியோரின் பற்றாக்குறை. 2019 இல் ஒன்ராறியோ அரசு கொண்டுவந்த 124 ஆம் சட்டமூலம் தாதியர் உள்ளிட்ட பொதுத்துறை ஊழியரின் சம்பள உயர்வை மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 1 வீதத்துக்குள் கட்டிப்போட்டது. பெருந்தொற்றின் நடுவே தாதியர் பலர் வெளியேறினார்கள். 2022 இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. 2024 இல் மேன்முறையீட்டிலும் அரசு தோற்றது. தனியார் வழியைத் திறந்தால் அங்கே வேலை செய்யப் போகிறவர்களும் இதே குறைந்த எண்ணிக்கையிலான ஆட்களே. பொது வரிசையில் நோயாளி குறைவதோடு பார்க்கும் வைத்தியரும் குறைகிறார்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்த வாதம் நீதிமன்றத்தில் முழுமையாகச் சோதிக்கப்பட்டது. வன்கூவரின் காம்பி சத்திரசிகிச்சை நிலையமும் அதன் நிறுவனர் பிரையன் டேயும் 2009 இல் தொடுத்த வழக்கில், பல ஆண்டு சாட்சியங்களுக்குப் பின் 2020 செப்டெம்பரில் நீதிபதி ஸ்டீவ்ஸ் 880 பக்கத் தீர்ப்பில் அதை நிராகரித்தார். இரட்டை வழி முறை பொது முறையின் ஆட்களை ஈர்த்து, தேவையின் அடிப்படையில் சிகிச்சை என்ற நோக்கத்தைச் சிதைக்கும் என்பது அவர் கண்ட முடிவு. 2022 இல் மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2023 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம் மேலும் விசாரிக்க மறுத்தது. கியூபெக்கின் ஷௌலி வழக்கில் 2005 இல் உச்ச நீதிமன்றம், தனியார் காப்பீட்டுக்கு அந்த மாகாணம் விதித்த தடை செல்லாது என்று மாறான திசையில் தீர்ப்பளித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பு கியூபெக்கோடு நின்றது.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு 880 பக்கம் வாசிக்க வேண்டிய தேவை இல்லை. அங்கே 1951 இலிருந்து அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1977 இலிருந்து அரச வைத்தியர்கள் வேலை நேரத்துக்குப் பின் தனியாகப் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். அதன் விளைவை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். காலையில் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று ஒரு நிமிடம் பார்த்த அதே வைத்தியரை, மாலையில் ‘சனல்’ செய்து, காசு கட்டி, ஆறுதலாகச் சந்தித்தோம். காசு இல்லாதவருக்கு அந்த ஒரு நிமிடமே மிஞ்சியது. அந்த அனுபவத்தைக் கனடாவின் விவாதத்துக்குள் கொண்டுவரக்கூடியவர்கள் நாம். ஏனோ மௌனமாக இருக்கிறோம்.

ஓஹிப் அட்டையோடு தனியார் நிலையத்தில் சத்திரசிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். அதில் என்ன குறை?

2023 மே மாதம் நிறைவேறிய 60 ஆம் சட்டமூலம் இதற்கு வழிசெய்தது. கண்புரை, ஸ்கான், பின்பு முழங்கால், இடுப்பு மாற்று என வைத்தியசாலைக்கு வெளியே செய்யப்படும் சிகிச்சைகளை இலாப நோக்குள்ள நிலையங்களுக்கும் விரிக்கலாம் என்பது அதன் சாரம். செலவை ஓஹிப் ஏற்கும். நோயாளி கடன் அட்டையை எடுக்க வேண்டியதில்லை என்று முதல்வர் டக் ஃபோர்ட் வலியுறுத்தினார். சட்டத்தின் எழுத்து அப்படித்தான் இருக்கிறது. எதிர்ப்போர் சொல்வது வேறு: இலகுவான சிகிச்சைகள் இலாபம் தரும் இடத்துக்குப் போய், சிக்கலானவையும் செலவு மிகுந்தவையும் குறைந்த ஆளணியோடு பொது வைத்தியசாலையில் எஞ்சும், மேலே சொன்ன வில்லை விற்பனை போன்றவை பெருகும். பொதுச் சுகாதார முறைக்காகக் குரல் கொடுக்கும் ஒன்ராறியோச் சுகாதாரக் கூட்டணி அதே மே மாதத்தில் இதுபற்றி மாகாணமெங்கும் சமூக வாக்கெடுப்பு ஒன்றை நடத்தி, மளிகைக் கடை வாசல்களிலும் நூலகங்களுக்கு அருகிலும் வாக்குப் பெட்டி வைத்தது. நோயாளி என்ற வகையில் அந்த நிலையத்துக்குப் போவதில் தவறு ஒன்றும் இல்லை. போகும்போது பற்றுச்சீட்டின் ஒவ்வொரு வரியையும் வாசிக்க வேண்டும், அவ்வளவே.

சாதாரண மக்கள் பேசி இதில் எதுவும் மாறியிருக்கிறதா?

மாறியதெல்லாம் அப்படித்தான். மாகாண முதல்வர் ரொமி டக்ளஸின் அரசு 1947 இல் சஸ்காச்சுவானில் வைத்தியசாலைக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 1962 ஜூலை 1 அன்று வைத்தியர் கட்டணத்துக்கும் காப்பீடு தொடங்கியபோது, முதல்வராக வூட்ரோ லொயிட் இருந்தார். மாகாணத்தின் பெரும்பாலான வைத்தியர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்களில் சஸ்கற்றூனிலும் ரெஜைனாவிலும் பொதுமக்கள் தாங்களே பணம் சேர்த்துச் சமூக மருத்துவ நிலையங்களைத் திறந்தார்கள். பிரித்தானியாவிலிருந்து வைத்தியர்கள் வந்து உதவினார்கள். சஸ்கற்றூன் நிலையம் இன்றும் இயங்குகிறது. அங்கே வென்றதால்தான் 1966 இல் அது நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. ஒன்ராறியோவிலேயே 1986 இல் மேலதிகக் கட்டணத் தடைக்கு எதிராக வைத்தியர் சங்கம் 25 நாள் வேலைநிறுத்தம் செய்தது. மக்கள் ஆதரவு அரசின் பக்கம் இருந்ததால் தடை நிலைத்தது.

நமக்கு நெருக்கமான சான்றும் ஒன்று உண்டு. 2010 ஓகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தபின் அகதிகள் மீதான அரசியல் பேச்சு கடுமையாயிற்று. 2012 ஜூன் இறுதியில் அகதிகளுக்கான இடைக்காலச் சுகாதாரத் திட்டத்தின் பெரும் பகுதியை மத்திய அரசு வெட்டியது. வெள்ளை அங்கி அணிந்த வைத்தியர்கள் வீதிக்கு வந்தார்கள், வழக்கும் தொடுத்தார்கள். இந்த வெட்டு கொடுமையானதும் வழமைக்கு மாறானதுமான நடத்தை என்று 2014 ஜூலையில் மத்திய நீதிமன்றத்தின் நீதிபதி ஆன் மக்ராவிஷ் தீர்ப்பளித்தார். 2016 ஏப்ரலில் திட்டம் முழுமையாக மீண்டது.

குடும்ப வைத்தியர் கிடைக்கவில்லை. அதுவரை என்ன செய்வது?

ஒன்ராறியோவில் சுமார் 25 இலட்சம் பேருக்குக் குடும்ப வைத்தியர் இல்லை என்று குடும்ப வைத்தியர்களின் தொழில்சார் அமைப்பான குடும்ப வைத்தியர் கல்லூரி 2024 இல் கணக்கிட்டது. ஆகவே முதலில், குடும்ப வைத்தியரைத் தேடித் தரும் மாகாணத்தின் ‘ஹெல்த் கெயார் கனெக்ட்’ பட்டியலில் பதிய வேண்டும். 811 ஐ அழைத்தால் எந்நேரமும் பதிவுபெற்ற தாதி ஒருவருடன் பேசலாம். சிறுநீர்த் தொற்று, கண் சிவப்பு, பூச்சிக்கடி உள்ளிட்ட 19 சிறு நோய்களுக்கு மருந்தாளரே மருந்து எழுதித் தரலாம். அட்டையைக் காட்டினால் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு 40 முதல் 74 வயது வரையான பெண்கள் வைத்தியரின் கடிதம் இல்லாமலே, 2024 ஒக்டோபர் முதல் தாங்களே நேரம் பதியலாம். கூச்சத்தினால் தள்ளிப்போடப்படும் பரிசோதனை இது. பெண்கள் நால்வர் சேர்ந்து ஒரே நாளில் பதிந்து போனால் கூச்சம் பாதியாகக் குறையும்.

எந்த அட்டையும் இல்லாதவரை வைத்தியசாலை திருப்பி அனுப்புமா?

அவசர நிலையில் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது; ஆனால் பின்னர் பில் வரும். காப்பீடு இல்லாதோரின் வைத்தியசாலைச் செலவை ஏற்க 2020 இல் தொடங்கிய மாகாண நிதி 2023 மார்ச் 31 உடன் நிறுத்தப்பட்டது. சமூகச் சுகாதார நிலையங்கள் அட்டை இல்லாதவரையும் பார்க்கின்றன. ஸ்காபரோவிலும் அவை உள்ளன. குடிவரவு நிலை பற்றிய அச்சத்தால் நோயை மறைப்பவர்களுக்கு அந்த வாசலைக் காட்டுவதே நாம் செய்யக்கூடிய உதவி.

எங்கள் பகுதியில் தகவல் கூட்டம் ஒன்றை எப்படி ஒழுங்கு செய்வது? நடப்பவற்றை எப்படி அறிவது?

211 ஐ அழைத்தால் உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு அருகே உள்ள உணவு வங்கி, முதியோர் போக்குவரத்து, வரிப் படிவ உதவி, ஆலோசனை நிலையம் ஆகியவற்றைச் சொல்வார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கிளை நூலகங்களின் அறிவிப்புப் பலகையையும் பார்க்க வேண்டும்.

கூட்டம் நடத்துவதாயின் ஏற்கெனவே மக்கள் கூடும் இடத்துக்குப் போவதே நல்லது. வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் அன்னதான மண்டபம், முதியோர் சங்கத்தின் வாராந்தச் சந்திப்பு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர், ஓகஸ்ட் இறுதியில் மார்க்கம் வீதியில் நடக்கும் தெருவிழா ஆகியவை தயார் நிலையில் இருக்கும் சபைகள். தனியாக மண்டபம் எடுத்து அழைத்தால் ஏற்கெனவே அறிந்தவர்களே வருவார்கள். உரைகளைச் சுருக்கி, மேசைகளைக் கூட்டுங்கள். ஒரு மேசையில் பற்காப்பு விண்ணப்பம், இன்னொன்றில் ட்ரில்லியம் படிவம், மற்றொன்றில் கட்டணப் பற்றுச்சீட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்கும் இடம் என்று வைத்தால் வந்தவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார். நாள் குறிக்கும்போது மார்ச், ஏப்ரலைத் தெரிந்தெடுத்தால், குறைந்த வருமானத்தோருக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பும் தொண்டர் திட்டத்தையும் அழைக்கலாம். வரிக் கணக்கு இல்லாமல் மற்றத் திட்டங்கள் எவையும் நகர்வதில்லை. சமூகச் சுகாதார நிலையத்திடம் முன்கூட்டியே கேட்டால் ஒரு தாதியையோ உணவு ஆலோசகரையோ அனுப்பிவைக்கக்கூடும்.

இரண்டு எச்சரிக்கைகள். தொண்டர்கள் யாருடைய அட்டையையும் படம் எடுக்கக் கூடாது. எண்களை எழுதி வைக்கவும் கூடாது. காப்பீட்டு முகவர்கள் இத்தகைய கூட்டங்களுக்கு அனுசரணை தர விரைந்து வருவார்கள். தேநீரும் வடையும் அவர்களுடையதாக இருக்கலாம். ஒலிவாங்கி அவர்களிடம் போகக் கூடாது.

கோவிலோ அறநிலையமோ இதைப் பற்றிப் பேசினால் பதிவு பறிபோகுமா?

போகாது. 2018 இன் சட்டத் திருத்தத்துக்குப் பின், பதிவுபெற்ற அறநிறுவனங்கள் தம் நோக்கத்தோடு தொடர்புடைய பொதுக் கொள்கை பற்றித் தாராளமாகப் பேசலாம். ஒரு கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிப்பதும் எதிர்ப்பதும் மட்டுமே தடை. “மருந்துக் காப்பீட்டு உடன்படிக்கையில் கையெழுத்திடுங்கள்” என்று கேட்கலாம்; “இன்னாருக்கு வாக்களியுங்கள்” என்று சொல்லக் கூடாது. வைத்தியசாலைகளுக்கு நடைபவனி வைத்து நிதி திரட்டித் தந்த சமூகம் நாம். கருவி வாங்கப் பணம் தருகிறவர், அந்தக் கருவிக்கு முன் யார் எந்த வரிசையில் நிற்பார் என்று கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

யாருக்கு எழுத வேண்டும்? குடியுரிமை இல்லாதவரும் கையெழுத்திடலாமா?

ஓஹிப், வைத்தியசாலை நிதி, தாதியர் ஆளணி, தனியார் நிலைய உரிமம் ஆகியவை மாகாணச் சட்டமன்ற உறுப்பினருக்கு உரியவை. கனடாச் சுகாதாரச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது, பற்காப்பு, அகதிகளின் திட்டம் ஆகியவை மத்திய நாடாளுமன்ற உறுப்பினருக்கு. மாற்றி அனுப்பினால் பதில் வராது, அல்லது பொறுப்பு மற்றவருடையது என்ற பதில் மட்டும் வரும். அச்சடித்த பொதுக் கடிதத்தைவிட, தொகையும் திகதியும் குறித்து, பற்றுச்சீட்டின் பிரதியோடு தமிழ் வாடையடிக்கும் ஆங்கிலத்தில் எழுதிய அரைப் பக்கமே அலுவலகத்தில் வாசிக்கப்படும்.

மத்திய நாடாளுமன்றத்துக்குக் காகித மனு கொடுக்க 25 செல்லுபடியான கையெழுத்துகள் போதும். உறுப்பினர் ஒருவர் அதைச் சபையில் முன்வைத்தால் அரசு 45 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கனடாவில் வசிப்பவராக இருந்தால் குடியுரிமை இல்லாமலும் கையெழுத்திடலாம். மனுவின் வாசகம் சபையின் விதிமுறைப்படி இருக்க வேண்டும் என்பதால், கையெழுத்து வாங்கத் தொடங்குமுன் வரைவை உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.